மண் கரைத்த தண்ணீர்

எனக்கு எழுபத்தாறு வயது. ஆறு பேரை வளர்த்து ஆளாக்கினேன். நாலு பேர் என் வயிற்றில் பிறந்தவர்கள். மற்ற ரெண்டு பேர், சின்ன வயதிலேயே போய்ச் சேர்ந்த என் ஓரகத்தியின் பிள்ளைகள். யாரிடமும் கையேந்தி நின்றதில்லை என்ற மிதப்பு எனக்கு உண்டு. அந்த மிதப்பில், செஞ்சி பஜாரானாலும் கல்யாண வீடானாலும் ஒரே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

"நான் படுத்துட்டா இழுத்துக்கிட்டு கெடக்க வைக்காதீங்க. ஒரு ஊசிய போட்டு அனுப்பிடுங்க."

ஊர் சிரித்தது. என் பெரிய மகன் சிரிக்கவில்லை, மனதில் வைத்துக்கொண்டான்.

போன ஐப்பசியில் மல்லாட்டைக் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தபோது மயங்கி விழுந்தேன். மூளையில் ரத்தம் கட்டிக்கொண்டதாம். பேச்சு நின்றுபோனது, இடது பக்கம் அசையவில்லை. கண் திறக்கவும் தெம்பில்லை. காது மட்டும் நன்றாகக் கேட்டது. அது ஒருவருக்கும் தெரியாது.

ஆஸ்பத்திரியில் பெரியவன் என் பேச்சை அப்படியே ஒப்பித்தான். டாக்டர் நிதானமாகச் சொன்னார்: "ஊசி போட்டு உசுர எடுக்க நம்ம நாட்டுல சட்டம் இல்லைங்க. இனிமே தேறவே மாட்டாங்கன்னு டாக்டருங்க கூடி முடிவு பண்ணா, மெஷினையும் மருந்தையும் நிறுத்தலாம். கோர்ட்டு அதுக்கு மட்டுந்தான் வழி விட்டிருக்குது. அது போக விடறது, ஊசி போடறது கொல்றது. உங்கம்மாவப் பத்தி இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாது."

"அவங்க சொன்ன வார்த்தைங்க," என்று அழுதபடியே என்னை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

உயிர் போகவில்லை. பனமலையிலிருந்து வந்த என் நாத்தனார், "உசுரு மண்ணுல ஒட்டிக்கிட்டு இருக்குது. கொல்லை மண்ண கரைச்சு ஊத்துங்கடா," என்றாள்.

எங்கள் பக்கத்து வழக்கம் அது. இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்குச் சொந்த நிலத்து மண்ணைக் கரைத்து ஊற்றினால் ஆசை தீர்ந்து போய்விடுவார்கள் என்பார்கள். தெற்கே எண்ணெய் தேய்த்துக் குளிர வைத்து, இளநீரை வயிறு முட்டக் கொடுப்பார்களாம். அதைக் கொலை என்போம். எங்களுடையதைச் சடங்கு என்போம். எத்தனையோ வீட்டில் நானே முன்னால் நின்று ஊற்றியிருக்கிறேன்.

சின்ன மருமகள் மட்டும், "அத்தைக்கு நாக்கு வறண்டு கெடக்குது, கஞ்சித் தண்ணி குடுக்கலாமே," என்றாள்.

"ஏண்டி, நல்லா இருக்கறப்பவே எங்க அண்ணி பேச்ச ஒருத்தரும் தட்ட முடியாது. இப்ப தட்டுனா எழுந்து வந்து உதைப்பா," என்றாள் நாத்தனார். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் சிரிப்பு வந்தது. அதைவிடத் தாகம் பெரிதாக இருந்தது.

பெரியவன் ஸ்பூனால் ஊற்றினான். பாதி என் கழுத்தில் வழிந்தது. போக நினைக்கிறவள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நான் விழுங்கிவிட்டு மறுபடி வாயைத் திறந்தேன். அவன் ஸ்பூனை இழுத்துக்கொண்டான். என் கண் திறந்துகொண்டது. வலது கையால் டம்ளரைப் பிடுங்கி, அடியில் தங்கிய சேறு வரைக்கும் குடித்தேன். என் சவடாலைக் கேட்டவர்கள் அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கிழவி குடிக்கிறா," என்றது ஒரு குரல். சின்ன மருமகள் ஓடிப்போய்க் கஞ்சி கொண்டுவந்தாள். அதையும் குடித்தேன்.

இப்போது கோலூன்றி நடக்கிறேன். பெரியவன் என் முகத்தைப் பார்ப்பதில்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுகிறான். தப்பு செய்துவிட்டதாக நினைக்கிறான். அவன் என் சொல்லைக் கேட்டான், அவ்வளவுதான். எனக்குத்தான் அவன் எதிரில் உட்காரக் கூசுகிறது. இந்த வயதில் உயிர் மேல் இவ்வளவு ஆசையா என்று அவன் நினைத்திருப்பானோ? ஆசைதான். அதை வாயால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. நாக்கும் குழறுகிறது. அதனால்தான் எழுத்துக் கூட்டி எழுதுகிறேன். பிழையைச் சின்ன மருமகள் பெற்ற பேத்தி திருத்தித் தருகிறாள்.

நான் மறுபடியும் படுப்பேன். அப்போது அவன் எந்தப் பேச்சை எடுத்துக்கொள்வான்? இதை எடுத்துக்கொள்ளட்டும்: தேற மாட்டேன் என்று டாக்டர்கள் சொன்னால் மெஷின் வேண்டாம், வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஆனால் நான் வாயைத் திறந்தால், குடிக்கிற தண்ணீர் கொடுங்கள்.

கண்ணு, உன் பெரியப்பா சாப்பிட உக்காந்திருக்கான். அவன் எழுந்து போறதுக்குள்ள, அவன் பக்கத்துல நின்னு இத மொதல்லேருந்து சத்தமா படி.