செரெங்கெட்டிக்கு அனுப்பாத லியாட்டு

வருஷக்கணக்காக எனக்கு ஒரு மனக்குறை. அருஷாவில் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறேன். ஜூலை வந்தால் செரெங்கெட்டியில் வைல்டபீஸ்ட் மாடுகள் கூட்டங்கூட்டமாக முதலை ஆற்றைத் தாண்டும். உலகமே வந்து பார்க்கிறது. நான் பார்த்ததில்லை. காரணம் எலினாமி லியாட்டு.

எந்த விருந்தாளிக்கு எந்தக் காடு என்று எங்கள் கம்பெனியில் பிரித்துக் கொடுப்பவர் அவர்தான். உட்கார்ந்தால் தொப்பை மேஜையை முட்டும். வருகிறவர்கள் அஞ்சு நாளில் ஆறு காடு பார்க்க வேண்டும் என்பார்கள். இவர் காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார். “உங்கள்ல யாரு குறட்டை விடுவீங்க? ஒண்ணுக்கு எவ்வளவு நேரம் அடக்குவீங்க?” என்று ஆரம்பிப்பார். குறட்டைக்காரருக்குத் தரங்கீரே. அங்கே யானைகள் கூடாரத்தருகே வந்து அவரையும் தூங்க விடாது. சண்டைக்காரத் தம்பதிக்கு நொரொங்கோரோ. பெரும்பள்ளம், இறங்கிவிட்டால் ஓட முடியாது. பாதி தப்பாகத்தான் போகும். தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடியைப் பறவை பார்க்கிற கூட்டத்தோடு மன்யாரா ஏரிக்கு அனுப்பினார். திரும்பும்போது அந்தப் பெண் பறவைக்காரரோடுதான் பேசிக்கொண்டு வந்தாள்.

எனக்கு மட்டும் எப்போதும் ம்கோமாசி. முள், வெயில், ஜீப்பைக் கண்டால் ஓடுகிற மிருகங்கள். போதாததற்கு அந்தக் காட்டு வாசலில் என் மாமியார் வீடு. இறங்கி ஒரு சட்டி மக்காச்சோளமும் பயறும் தின்னாமல் நகர முடியாது.

நான் பாரே இனம், அவர் சாகா. எங்கள் இரண்டு இனத்துக்கும் கேலிமுறை. பார்த்தால் வைதே ஆக வேண்டும், வாங்குகிறவன் கோபப்படக் கூடாது.

ஒரு ஜூலையில் பின்லாந்திலிருந்து வயதான தம்பதி வந்தார்கள். ஆற்றைப் பார்க்காமல் ஊர் திரும்ப மாட்டோம் என்றார்கள். மற்ற டிரைவர்கள் எல்லாரும் காட்டுக்குள். வேறு வழியில்லாமல் லியாட்டு எனக்கே செரெங்கெட்டி கொடுத்தார். ஜீப்பை இரண்டு தரம் கழுவினேன். கிளம்புகிற நேரம், விருந்தாளிகளும் சிரிக்கட்டும் என்று கேலியை இங்கிலீஷிலேயே தொடங்கினார்.

“அம்மா, இவனை ஆத்துப் பக்கம் விடாதீங்க. பாரேக்காரன். முதலை கடிச்சா கத்தமாட்டான், நேரா கோர்ட்டுக்குப் போயி அது மேல கேஸ் போடுவான்.”

“முதலை வாயில சில்லறை மின்னுச்சுன்னா, சாகாக்காரன் நீ உள்ளயே இறங்கித் தேடுவ!”

“கல்யாணப் பந்தியில பயறை எண்ணிப் போடுற கூட்டம்தானேடா நீங்க!”

“உன் தொப்பையப் பாத்தா நீர்யானைக்கே வெக்கம் வரும்யா!” என்று சட்டையைப் பிடித்து உலுக்கினேன். அவர் என் காதைத் திருகினார்.

அந்த அம்மா அழுதே விட்டார். “எங்களால நீங்க அடிச்சுக்க வேண்டாம். ரெண்டு பேரும் சண்டையில்லாம ஒத்துப்போற இடம் எதுவோ, அங்கயே போறோம்.”

விளையாட்டு என்று விளக்கினோம். விளக்க விளக்க இன்னும் பயந்தார்கள். லியாட்டு என்னை ஓரக்கண்ணால் பார்த்தார். “ம்கோமாசி,” என்றார். “அதுல எங்களுக்குள்ள தகராறே வந்ததில்லைம்மா.”

கடைசி நாள் காட்டு நாய்களைப் பார்த்தார்கள். ஆனால் ஊர் திரும்பும் வரை அந்த அம்மா புகழ்ந்தது என் மாமியாரின் சட்டியைத்தான்.

இந்த வருஷம் லியாட்டு ஈரல் கெட்டுப் படுத்துவிட்டார். கிலிமஞ்சாரோ அடிவாரத்தில், வாழைத்தோப்புக்குள் இருக்கிற அவர் வீட்டுக்குப் போனேன். ஆள் பாதியாகியிருந்தார்.

“தொப்பைய எங்கய்யா போட்ட?”

“நல்ல விலை வந்துச்சு, வித்துட்டேன். சாகாக்காரன் இல்லையா?”

சிரித்தோம். அப்புறம் கேட்டே விட்டேன். “இந்த ஜூலைக்காவது என்னைச் செரெங்கெட்டிக்குப் போடச் சொல்லுய்யா. நீ ஒரு வார்த்தை சொன்னா ஆபீஸ்ல கேப்பாங்க.”

“சொல்ல மாட்டேன்.”

“ஏன்யா?”

“அதையும் பாத்துட்டா என்னைத் திட்ட உன்கிட்ட என்ன மிஞ்சும்? சாவுல குழி வெட்டினதும் கேலிமுறைக்காரன் அதுல படுத்துக்கிட்டு செத்தவனை வையணும். என் மச்சினன் சாவுக்கு வந்த பாரேக்காரன் ரெண்டு வார்த்தை முனகிட்டு மேல ஏறிட்டான். சாவே சப்புன்னு போச்சு. எனக்கு அப்படி ஆகக் கூடாது.”

அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

“நீ இறங்கிப் படு. ஒவ்வொரு ம்கோமாசியையும் சொல்லு, ஒண்ணு விடாம. என் பொண்டாட்டி சிரிக்கிற வரைக்கும் மேல ஏறாத.”