பண்டிப் பிரட்டலுக்கு நான் உப்புப் பார்த்த கதை

பாரிஸ் லா சப்பலில் இருந்த எங்கள் வீட்டுக் குசினிக்குள் பண்டி இறைச்சி, அதுதான் பன்றி இறைச்சி, நுழைந்தது சித்தப்பாவால்தான். ஆடு, கோழி எல்லாம் தாராளமாகச் சமைக்கிற அம்மாவுக்குப் பண்டி என்றால் மட்டும் முகம் கோணும். "என்ர தாச்சியிலை அதைப் போடப்படாது" என்று சொல்லிவிட்டார். சித்தப்பா தனக்கென்று ஒரு தாச்சியும் அகப்பையும் வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா வேறு வழியில்லாமல் சன்னலைத் திறந்துவிட்டார்.

அப்பாவின் தம்பியான அவர் அப்போது ஒரு கொரியச் சாப்பாட்டுக்கடையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். அங்கே சமையலுக்கு ஆள் தேவைப்பட்டது. உறைப்பான பண்டிப் பிரட்டலைச் செய்து காட்டினால் அடுப்பையும் நிரந்தர வேலைக் கடிதத்தையும் தருவதாக முதலாளி சொல்லியிருந்தார். அந்தக் கடிதம் இருந்தால் விசா எடுக்கலாம். விசா இருந்தால் யாழ்ப்பாணத்தில் இருக்கிற சித்தியைக் கூப்பிடலாம். கலியாணம் முடித்து மூன்றாம் மாதமே பிரிந்தவர்கள்.

ஆனால் சித்தி வந்து சேரும்வரை மச்சம் மாமிசம் தொடுவதில்லை என்று மனுசன் முருகனுக்கு நேர்த்தி வைத்திருந்தார். தான் சமைத்ததைத் தானே வாயில் வைக்க முடியாது. அம்மா கிட்டவும் வரமாட்டார், அப்பாவுக்கு ஞாயிறும் வேலை. மிஞ்சியது எட்டு வயதுப் பெட்டை, நான். கடையின் பழைய சமையல்காரர் செய்ததில் ஒரு பெட்டி கொண்டுவந்து, "இந்த ருசியை ஞாபகம் வைச்சிரு" என்று எனக்கு முதலே தீத்திவிட்டிருந்தார்.

ஞாயிறு மத்தியானம் மெல்லிசாக வெட்டிய இறைச்சியைச் சிவப்பு மிளகாய்க் களி, சோயா சோஸ், சீனி, உள்ளி, இஞ்சியோடு பிசைந்து, நெருப்பைக் கூட்டிப் பத்து நிமிடத்தில் இறக்குவார். எல்லாரும் இருமுவோம். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

சத்தியமாகச் சொல்கிறேன், முதல் ஞாயிறே அது அச்சொட்டாக வந்துவிட்டது. அதைச் சொன்னால் சமையல் அன்றோடு முடிந்துவிடுமே. "கிட்ட வந்திட்டுது சித்தப்பா, ஆனா இன்னும் வரேல்லை" என்றேன், வாய் நிறையச் சோற்றோடு. அடுத்த கிழமை இனிப்புக் காணாது என்றேன். அதற்கடுத்த கிழமை உறைப்புக் காணாது. சரியான கள்ளி நான். இப்படி ஐந்து ஞாயிறு தின்றேன்.

ஆறாம் கிழமை முதலாளி வேறொருவரை அடுப்புக்கு எடுத்துவிட்டார். அம்மாவுக்கு வந்ததே கோபம். "ஒரு சின்னப்பெட்டையின்ர கதையைக் கேட்டுக்கொண்டோ தம்பி இருந்தனீர்?"

"இல்லை அண்ணி, பிள்ளை உள்ளதைத்தான் சொன்னவள். என்ர கைதான் இன்னும் படியேல்லை."

அப்படியென்றால் வருகிற ஞாயிறும் பழகுவார் என்று எனக்கு ஒரே புளுகமும் சந்தோசமும்.

இன்னொரு கடையில் அடுப்பும் கடிதமும் கிடைக்க நாலு வருசம் எடுத்தது. விசா அலுவலுக்கு இன்னும் இரண்டு வருசம் போய், சித்தி வந்து இறங்கியபோது எனக்குப் பதினாலு வயது. சித்திக்குக் காதோரம் நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் கட்டிப்பிடித்து, "நீதானே இவருக்கு உப்புப் பார்த்துக் குடுத்த பிள்ளை" என்று கன்னத்தைத் தடவினார். அந்த ஐந்து ஞாயிறும் நான் தின்றது வெறும் இறைச்சி என்றுதான் எட்டு வயதில் நினைத்திருந்தேன்.