நஸீமா மிஸ் சொல்லாத மருந்து

அசர் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் நஸீமா மிஸ் மௌத்தாகிவிட்டார் என்ற மரண அறிவித்தல் கேட்டது. பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் வேலை செய்தவர். அடக்கம் முடிந்து திரும்பும்போது ஒருவர், "மீனால கென்சரச் சுகமாக்கின மனிசி" என்றார். மிஸ் ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. சொன்னவன் நான். இந்த வயதில் எழுதப் படித்து, ஓர் எழுத்துச் சரியாக வந்து நின்றால் குழந்தைபோல மகிழ்கிறேன். ஆனால் முதலில் எழுத வாய்த்தது இது.

சுனாமிக்குப் பிறகு, கடலில் போன பிணங்களைத் தின்றிருக்கும் என்று கடல் மீனை யாரும் தொடவில்லை. கல்முனைச் சந்தையில் மீன் விற்ற என்னை, காக்கா என்று அண்ணன் முறை சொல்லி அழைப்பவர்களே முகத்துக்கு நேரே கேட்டார்கள்: "மையத்தத் திண்ட மீனயா காக்கா விக்கிறீங்க?" மிஸ் மட்டும் ஒரு பெட்டி சாளை வாங்கினார்.

"ஆக்கித் திங்கவா மிஸ்?"

"இல்ல காக்கா. இதுட கொழுப்புத்தான் வேணும்."

மாதக்கணக்கில் வாங்கினார். ஒருநாள் விளக்கியும் சொன்னார். கண்ணாடித் தட்டில் வளர்த்த புற்றுநோய்க் கலங்களுக்கு, செல் என்கிறார்களே அவற்றுக்கு, மீன்கொழுப்பின் அமிலங்களைக் கொடுத்தாராம். நோய் எதிர்ப்போடு தொடர்புள்ள சில மரபணுக்கள் கூடுதலாக வேலை செய்தனவாம், சில அடங்கினவாம்.

"அப்ப மருந்துதானே?"

"தட்டில இரிக்கிற கலம் வேற, மனிசன்ட உடம்பு வேற. தெரியாததத் தெரியாது எண்டு சொல்லத்தான் காக்கா இவ்வளவு படிப்பும்."

மறுநாளே சந்தையில் கூவினேன்: "கென்சருக்கு மருந்து! கெம்பஸ் மிஸ் கண்டுபிடிச்ச!" மீன் விற்றுத் தீர்ந்தது. பிறகு தினமும் கூவினேன்.

சில வருடங்களில் என் மனைவி ஸபியாவின் மார்பில் கட்டி வந்தது. "இவ்வளவு செக்பொயின்றையும் தாண்டிக் கொழும்புக்கு என்னத்துக்கு? ஊட்ட மீன் இரிக்கிதானே" என்றாள். நான் சொன்னது பொய்யென்று அப்போதும் வாய் திறக்கவில்லை. யுத்தம் முடிந்த பிறகே கொண்டுபோனோம். பிந்திவிட்டது என்றார்கள்.

மிஸ் பார்க்க வந்தார். ஸபியாவிடம் கேட்டார்: "மீன் போதும் எண்டு ஆரு ராத்தா சொன்ன?"

"நீங்கதானே மிஸ். இவர் சொன்னாரு."

மிஸ் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"ஓம் ராத்தா, பிழை என்ட பிழைதான்" என்று தன்மேல் போட்டுக்கொண்டார்.

ஸபியா மௌத்தான பின் கேட்டேன்: "ஏன் மிஸ் என்னக் காட்டிக் குடுக்கல்ல?"

"ஒங்கள நம்பித்தானே அவ படுத்திருந்தா. போற நேரத்தில அதயும் பறிக்கவா?"

அவர் என்னை மன்னிக்கவில்லை. அதன்பின் என்னிடம் ஒரு மீன்கூட வாங்கவில்லை.

மிஸ்ஸை அறிந்தவர்களே, அவர் பெயரில் நீங்கள் சொல்லித் திரியும் பொய் என்னுடையது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது, ஸபியா கடைசி மூச்சுவரை என்மேல் வைத்திருந்த நம்பிக்கை. அது மிஸ் எனக்குப் போட்ட பிச்சை.