வெல்லிங்டனுக்கு மஞ்சள் வைத்தவர்

உத்தமபாளையம் டெய்லர் சுருளியப்பன் இறந்த செய்தியை, தேனியில் என் பட்டறை வாசலில் இறங்கிக் கம்பம் பஸ் கண்டக்டர்தான் சொன்னார். "டெய்லரண்ணன் நேத்துத் தவறிப் போனாக. விஷக் காய்ச்சலாம்." கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றேன். யுத்தத்தில் தப்பி வந்த மனிதர், முப்பத்தைந்து வயதுகூட ஆகாமல், ஒரு காய்ச்சலுக்குப் போய்விட்டார். எனக்குத் துக்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது.

அவரிடம் சட்டை தைத்துக்கொண்ட உங்களுக்கு அவருடைய வாயைத் தெரியும். அவர் விமானம் தைத்த கதை பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும் புளுகு என்றுதான் நினைத்திருப்பீர்கள். புளுகு இல்லை. நான் பக்கத்தில் இருந்தேன்.

எனக்குத் தேவாரம், அவருக்கு அனுமந்தன்பட்டி. ஒரே வயது. யுத்தத்துக்கு ஆள் எடுத்தபோது மதுரையில் ஒரே வரிசையில் நின்று விமானப்படையில் சேர்ந்தோம். வங்காளத்தில் எங்களைப் போட்ட தளத்தில் ஸ்குவாட்ரன் என்ற விமானப் பிரிவுகள் இரண்டு இருந்தன. இரண்டிலும் வெல்லிங்டன் என்ற குண்டுவீச்சு விமானம். இரண்டு எஞ்சின், ஏறுவது ஆறு பேர்; பர்மாவில் குண்டு போட்டுவிட்டு விடியற்காலையில் திரும்பும். நான் எஞ்சின் பக்கம் போனேன். சுருளியப்பன் முதல் நாள் அதன் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு அலறினார்: "மாப்ள, இது துணியால்ல இருக்கு!"

துணிதான். கூடை முடைந்தது போன்ற அலுமினியச் சட்டத்தின் மேல் துணியை இழுத்துப் போர்த்தி, டோப் என்ற பசைச்சாயத்தைப் பூசுவார்கள். காய்ந்ததும் மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும். குண்டு துளைத்த இடங்களில் ஒட்டுப் போடுவது தையல்காரர்களின் வேலை.

புதுத்துணி எடுத்தால் ஓரத்தில் மஞ்சள் வைக்காமல் நாம் யாரும் உடுத்துவதில்லை. சுருளியப்பன் விமானத்துக்குப் போட்ட ஒட்டுக்கும் மஞ்சள் வைத்தார். தண்ணீரில் குழைத்தால் உதிர்ந்துவிடும் என்று நல்லெண்ணெயில் குழைத்து, வெளியே தெரியாதபடி உள்மூலையில் தடவினார். நான் கேலி செய்தேன். "ஆறு பேரு ஏறிப் போறாக. அவுக ஆத்தாமாரு இங்கன இருந்தா வைக்க மாட்டாகளா?" என்று கேட்டார். எண்ணெய் பட்ட துணியில் டோப் பிடிக்காது என்பது எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

ஒரு நாள் சாயங்காலம், அன்று காலை திரும்பி வந்த விமானத்தின் வாலருகே ஓர் ஒட்டு பிய்ந்து தொங்கியது. மழையில் போயிருக்கும் என்று சொல்லிவிட்டு மேலதிகாரி நகர்ந்துவிட்டார். சுருளியப்பன் அதைத் திருப்பிப் பார்த்தார். மஞ்சள் வைத்த மூலையிலிருந்துதான் உரிந்திருந்தது. அன்று மதியம்தான் வேறொரு விமானத்தின் இறக்கையில் பெரிய ஒட்டாகப் போட்டிருந்தார். அந்த விமானம் ஓடுபாதையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது.

பேசாமல் இருந்திருந்தால் மழையின் மேல் பழி போயிருக்கும். அவர் ஓடினார். விமானத்தின் மூக்குக்கு நேரே போய் இரண்டு கைகளையும் விரித்து நின்றார். இரண்டு பக்கமும் விசிறிகள் சுழன்றுகொண்டிருந்தன. பைலட் பிரேக்கைப் போட்டுவிட்டுக் கத்தினார். அதிகாரி ஜீப்பில் பாய்ந்து வந்தார். சுருளியப்பன் சொன்னதை நான் இங்கிலீஷில் சொன்னேன்.

"நான் வச்ச மஞ்சதான்யா ஒட்ட விடல. எண்ணெயில கொழச்சுட்டேன். தப்பு என்னுது. என்னைய என்னமும் செய்ங்க, இந்தப் புள்ளைகள இதுல அனுப்பாதீக."

அதிகாரி ஏணி வைத்து ஏறி, ஒட்டின் மூலையை நகத்தால் நெம்பினார். வாழைச்சருகு மாதிரி உரிந்து வந்தது. அன்று அந்த விமானம் போகவில்லை.

மஞ்சள் வைத்த ஒட்டுகளையெல்லாம் அவரையே பிரித்து மறுபடி போடச் சொன்னார்கள். அதன் பிறகு, தண்டனையாக, ஓடுபாதை ஓரத்தில் புல் வெட்டினார். ஒரு நாள் அந்த பைலட், கனடாக்காரப் பையன், அங்கேயே தேடி வந்தான். கழுத்தில் கட்டும் துணியை நீட்டி, அதன் ஓரத்தைத் தொட்டுக் காட்டினான். சுருளியப்பன் அரிவாளைப் போட்டுவிட்டு, சிரித்துக்கொண்டே மஞ்சள் வைத்துக் கொடுத்தார். அடுத்தடுத்து மற்ற ஐந்து பேரும் வந்தார்கள். பிறகு பக்கத்து ஸ்குவாட்ரனிலிருந்தும் வந்தார்கள். அந்த ஆறு பேரும் கடைசிவரை பத்திரமாகத் திரும்பினார்கள். மஞ்சளால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் சொல்வார்.

பின்னால் இரண்டு ஸ்குவாட்ரன்களுக்கும் நான்கு எஞ்சின் வைத்த உலோக விமானங்கள் வந்தன. "முழுக்கத் தகரம் மாப்ள. ஈயம் பூசுறவனக் கூப்புடச் சொல்லு" என்று முகத்தைச் சுளித்தார்.

ஊர் திரும்பிக் கடை வைத்தவரை உங்களுக்குத் தெரியும். தைத்த துணியை வாங்கப் போனால் நாம் கண்டுபிடிக்கும் முன்பே, "காலர் கோணிப்போச்சு, நாளைக்கு வாங்க, பிரிச்சுத் தாரேன்" என்பார். முணுமுணுத்துக்கொண்டே திரும்புவோம். ஆனாலும் வேறு கடைக்குப் போனவர் உண்டா?

எனக்கென்று அவர் விட்டுப்போனது ஒன்றுதான். பட்டறையில் வேலை முடிந்து வண்டி கிளம்பும்போது மனதில் ஓர் உறுத்தல் வந்தால், ஓடிப்போய் முன்னால் நிற்கிறேன். டிரைவர் திட்டுவார், சனங்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். செய்தி வந்த அன்றும் குமுளி பஸ்ஸை அப்படித்தான் மறித்தேன். சக்கரத்தில் ஒரு நட்டு தளர்ந்திருந்தது. அழுதுகொண்டே முறுக்கினேன். பிள்ளையும் குட்டியுமாக நிறைந்திருந்த அந்த வண்டி நல்லபடியாக மலையேறிப் போய்ச் சேர்ந்தது.