குட்டைக்கால் மாடுகளும் மர்ட்டி ஓஷேயும்

மர்ட்டி ஓஷே தன் வயலில் ஒரு மூலையை மட்டும் அறுக்கமாட்டார். மற்ற இடமெல்லாம் மழித்த முகம் போல இருக்கும். அந்த மூலையில் கோரை மண்டிக் கிடக்கும். ஏன் என்று ஊரில் யாரும் கேட்கமாட்டார்கள். குட்டைக்கால் மாடு வளர்க்கிற வீடுகளில் எல்லாம் அப்படி ஒரு மூலை உண்டு. கேட்டால் நம் வீட்டு மூலையைப் பற்றி அவர்களும் கேட்பார்களே.

நான் சினை ஊசிக்காரன். அயர்லாந்தில் கென்மேர் விரிகுடாவை ஒட்டிய மலைச்சரிவுகளில் இருபத்தெட்டு வருடமாக அதுதான் என் பிழைப்பு. காளையைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறவன் என்பதால் எனக்குப் பட்டப்பெயருக்குப் பஞ்சமில்லை. மர்ட்டி என்னை 'ஊசி' என்றுதான் கூப்பிடுவார். அவரிடம் சொந்தக் காளை உண்டு, என் சரக்கு வேண்டாம். மாடு சினை பிடித்திருக்கிறதா என்று பார்க்க மட்டும் ஆள் அனுப்புவார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சமையல் என்றால் உருளைக்கிழங்கும் உப்புப் பன்றிக்கறியும்தான். எதிலும் பிடிவாதம், மாட்டு விஷயத்தில் இரட்டைப் பிடிவாதம்.

அவர் வளர்த்தது டெக்ஸ்டர். எங்கள் பக்கத்து மாடு அது. கறுப்பாக, ஆள் இடுப்பு உயரத்துக்கு நிற்கும், கறி அவ்வளவு ருசி. ஒரே இனத்தில் குட்டைக்காலும் பிறக்கும், நெட்டைக்காலும் பிறக்கும். கண்காட்சியில் ரிப்பன் வாங்குவது குட்டைதான். அதனால் மர்ட்டியின் அப்பா காலத்திலிருந்தே குட்டைக்குக் குட்டையைத்தான் சேர்த்தார்கள். அடுப்படிச் சுவரில் ரிப்பன் தொங்கவிட இடமில்லை. நெட்டையாக ஒன்று பிறந்துவிட்டால், "இந்த ஒட்டகம் எங்கேருந்து வந்துச்சு?" என்பார். இரண்டு வருடத்தில் அது கறிக்கடைக்குப் போய்விடும்.

இன்னொரு விதமும் பிறக்கும். அது ஏழாம் மாதத்திலேயே விழுந்துவிடும். தலை ஊதி, மூக்கு உள்ளே அமுங்கி, நாக்கு வெளியே தள்ளி, கால்கள் வெறும் மொட்டைகளாக இருக்கும். உயிர் இருக்காது. வீட்டுக்காரர் ஒரு ஆளாகத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வந்து கையைக் கழுவுவார். தாய்மாடு மோப்பம் பிடித்து அந்த மூலைக்கே போய் இரண்டு மூன்று நாள் கத்தும். பக்கத்து வீட்டுக்காரர்களுக்கும் காது உண்டு. ஆனால் ஒருவரும் வாயைத் திறக்கமாட்டார்கள். வெளியே தெரிந்தால் அந்த வீட்டு மாட்டை யார் வாங்குவார்கள்?

2007இல் மாட்டின் வால்முடியைப் பிடுங்கி அனுப்பினால் இந்தக் கோளாறு அதன் ரத்தத்தில் உண்டா என்று சோதித்துச் சொல்வார்கள் என்று வந்தது. நான்தான் மர்ட்டியின் மாடுகளுக்குப் பிடுங்கினேன். முடிவு வந்ததும் அவருடைய அடுப்படியில் உட்கார்ந்து படித்துச் சொன்னேன். குட்டைக்காலே ஒரு குறைதான். தாய் தகப்பனில் ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் கால் குட்டையாகும். இருவரிடமிருந்தும் வந்தால் அந்த ஊதிய தலை. நெட்டைக்காலில் அந்தக் குறையே இல்லை.

"அப்ப நாங்க கறிக்கடைக்கு அனுப்பினதெல்லாம்?"

"அதுங்கதான் சுத்தமானது."

"நல்லதைத் தின்னுட்டுக் கெட்டதைக் கட்டிக் காப்பாத்தியிருக்கோம்."

"ருசியாத்தானே தின்னீங்க" என்றேன். என் வாய் அப்படி. அவர் சிரிக்கவில்லை.

"எழுபத்தொண்ணு, ஊசி. என் கையால மட்டும் புதைச்சது. ஒவ்வொண்ணுக்கும் கிழவன் மூஞ்சி. இப்பல்லாம் பட்டப்பகல்லயே தெரியுது. கெட்டிலைத் தூக்கினா ஜன்னல்ல நிக்குது. பிரார்த்தனைக்கு மண்டி போட்டா முன் பெஞ்சுல உக்காந்திருக்கு."

இனி ஒன்றைக்கூடப் புதைக்கக் கூடாது என்றார். அப்பாவின் மாட்டு ரத்தமும் போய்விடக் கூடாது என்றார். அவருடைய ஒன்பது பசுவும் காளையும் அந்தக் குறையைச் சுமந்தவை. என் பெட்டியில் வேறு ஊர்ச் சுத்தமான காளையின் ஊசி இருந்தது. வெளி ரத்தம் வேண்டாமாம்.

"உங்க அப்பா மாட்டு ரத்தத்துலயே சுத்தமான காளை ஒண்ணு இருக்கு. கோப்னட் வீட்டுல" என்றேன்.

மர்ட்டியின் முகம் செத்துப்போனது. "அங்க வேணாம்" என்றார். அவ்வளவு பெரிய வரத்தை வேண்டாம் என்கிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது.

கோப்னட் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், கணவனை இழந்தவர், குழந்தை இல்லை. முப்பத்தொரு வருடத்துக்கு முன்னால் அவர் கணவன் டென்னி, மர்ட்டியிடம் ஒரு குட்டைக்கால் கிடாரி வாங்கியபோது, போனால் போகட்டும் என்று ஒரு நெட்டைக்காலையும் மர்ட்டி தள்ளிவிட்டார். அந்த நெட்டையின் வம்சம்தான் இந்தக் காளை. கோப்னட் வீட்டில் குட்டைக்கால் கன்று பிறந்தால் ஒரு நாள்கூட வைத்திருக்கமாட்டார், விற்றுவிடுவார். அது ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்து மர்ட்டியே என் வண்டியில் ஏறி உட்கார்ந்தார். "அவ வீட்டுக்குப் போ" என்றார். போகிற வழியில் ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவர் விற்ற குட்டைக்கால் கிடாரிக்கு முதல் ஈற்றிலேயே அந்த ஊதிய தலை விழுந்திருக்கிறது. டென்னி ஊரில் இல்லை. கோப்னட் அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. அவர்தான் கையைவிட்டு இழுத்துப் போட்டிருக்கிறார். மறுநாள் டென்னி மர்ட்டியை அழைத்துப்போய்க் காட்டினார். தொழுவத்தில் கோப்னட் நின்றுகொண்டு, "உங்க வீட்டுல இப்படி விழுந்திருக்கா?" என்று கேட்டார். "இந்த மாதிரி நான் கண்ணால பார்த்ததே இல்லை" என்றார் மர்ட்டி. இரண்டு வாரத்தில் கோப்னட்டின் குழந்தை செத்துப் பிறந்தது. வயிற்றோடு இருப்பவள் பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டாள், அது உள்ளே போய்விட்டது என்று ஊரெல்லாம் பேசினார்கள்.

வண்டியைத் திருப்பிவிடலாமா என்று எனக்குத் தோன்றியது. திருப்பவில்லை.

கோப்னட் தேநீரும் ரொட்டியும் வைத்தார். "காளை வேணுமாமே. ஒட்டகம்னு தள்ளிவிட்டீங்களே, அதோட பேரனுக்குப் பேரன். காலைப் பார்த்துட்டு மயக்கம் போட்டுடாதீங்க" என்றார் சிரித்தபடி.

மர்ட்டி கோப்பையைத் தொடவில்லை. "அன்னிக்கு உங்க தொழுவத்துல நான் சொன்னது பொய், கோப்னட். எங்க வீட்டுல வருஷா வருஷம் விழும். அது மாட்டோட ரத்தத்துல இருக்கிற கோளாறு. உங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. உங்க குழந்தைக்கும்தான்."

கோப்னட் ரொட்டி வெட்டிய கத்தியை மெதுவாகத் துடைத்து வைத்தார்.

"அந்த வருஷம் உங்க வீட்டுல எத்தனை?"

"மூணு. அதுல ரெண்டு அந்த வாரத்துலயே."

"என் மாமியார் சாகுற வரைக்கும் என்னை ஒரு பிள்ளையைத் தொட விடலை" என்றார் கோப்னட். "அவங்க போன பிறகு நானே தொடலை. என் தங்கச்சி பிள்ளைக்கு ஞானஸ்நானம் குடுத்தப்ப கோயில் வாசல்லயே நின்னுட்டேன். என் கண்ணு ஆகாதுன்னு நானே நம்பிட்டேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"வாசல்ல நீங்க நின்னதைப் பார்த்துட்டுத்தான் உள்ளே போனேன்."

எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. கோப்னட் அழவில்லை. ஆணியில் தொங்கிய கயிற்றை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"காளையைப் பிடிச்சுட்டுப் போ. அது என்ன பண்ணுச்சு பாவம். திருப்பிக் கொண்டுவர இந்த ஊசிக்காரரை அனுப்பு. நீ என் வாசல்ல கால் வைக்காதே."

அந்தக் குளிர்காலம் முழுக்க மர்ட்டி தொழுவத்திலேயே கிடந்தார். ஏழாம் மாதம் நெருங்கியபோது மாட்டின் வயிற்றில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிப்ரவரி போனது, ஒன்றும் விழவில்லை. ஏப்ரலில் ஒன்பது கன்றும் உயிரோடு வந்தன. ஐந்து குட்டை, நான்கு நெட்டை.

மே மாதம் நானும் மர்ட்டியும் கன்றுகளுக்குக் காதில் எண் குத்திக்கொண்டிருந்தபோது கோப்னட் நடந்தே வந்தார். நாங்கள் கூப்பிடவில்லை. வேலிக் கதவுக்கு வெளியே நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"ஒன்பதும் நல்லா இருக்கா?"

"இருக்கு" என்றார் மர்ட்டி.

"அதெல்லாம் விழாம இருக்க என்ன செஞ்சே?"

"ஒண்ணும் செய்யலை. காளையை மாத்தினேன், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா" என்றார் கோப்னட்.

மர்ட்டி அடுத்த கன்றின் காதைப் பிடித்தார். கோப்னட் இன்னும் கொஞ்ச நேரம் கன்றுகளைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, வந்த வழியே நடந்து போனார்.