சம்பந்தி கழுவின மிலிட்டரி டாங்கி

தூசியா சம்பந்தி அது? ரெண்டு மாசம் ஒக்காந்து நான் பூசின சேறு.

உள்ளங்கை அளவு பிளாஸ்டிக் டாங்கி. சண்டைக்குப் போயி வந்த மாதிரி துரு, புகை, சேறு எல்லாம் மெல்லிசு பிரஷ்ல வச்சிருந்தேன், ஞாயித்துக்கெழம நடக்குற மாடல் பொம்மை போட்டிக்கு.

நேத்து கோரிமேட்டுலேர்ந்து வந்து தங்கின எம்பொண்ணோட மாமனாரு, அத சோப்புத்தண்ணில முக்கி தேச்சி வச்சிட்டாரு.

"அழுக்கா கெடந்துச்சி சம்பந்தி, புதுசாக்கிட்டேன்"னு பெருமை வேற.

அவரு ஏறி வந்த வெள்ளை ஸ்கூட்டரு வாங்கி ஒரு வாரந்தான் ஆவுது. காலைல அவரு குளிக்கப் போன நேரம், அதே துரு கலர எடுத்து மட்கார்டு பூரா வச்சிட்டேன். மழத்தண்ணி ஒழுகின மாதிரி கோடு வேற இழுத்தேன். நான் செஞ்சதுலயே இதான் டாப்பு.

வெளிய வந்து பாத்தவரு மூஞ்சி செத்துப்போச்சி.

"கடக்கரை காத்து சம்பந்தி, இரும்ப தின்னுடும்"னேன்.

"ஒரே நாள்லயா? ஷோரூம்காரனுவோ பழைய வண்டிய தலைல கட்டிட்டானுவோ. இன்னிக்கு உண்டு இல்லன்னு பண்ணிட்றேன்"னு வண்டிய கெளப்பினாரு.

"சம்பந்தி, ஈரத்துணியால ஒருதரம் தொடச்சி..."ன்றதுக்குள்ள தெருமுனைய தாண்டிட்டாரு.

போன் போட்டு சொல்லவா, இல்ல ஷோரூம்ல கத்தி முடிக்கட்டுமா? நீங்களே சொல்லுங்க.