மூடிக்குள் வைத்த சந்தனம்

கணேசமூர்த்தி வேலையிலிருந்து ஓய்வு பெற்றுச் சில வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் ஜாசினில் எங்கள் தாமான் குடியிருப்பில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மண்டோர்தான். செம்பனைத் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிய கங்காணி, அந்தக் குரல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. குப்பை லோரி தாமதமானால் டிரைவருக்கு ஒரு சத்தம், கோயில் மணி முந்தி அடித்தால் குருக்களுக்கு ஒரு சத்தம். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. சாவு வீட்டில் முதல் ஆளாக நாற்காலி தூக்கிப் போடுகிறவர் அவர்தான். தான் செய்தது தப்பு என்று சொல்லத்தான் அவருக்கு வாய் வராது.

வீட்டு முன்னால் கார் நிறுத்துகிற இடத்தில் அவர் காவடி கட்டுவார். அலுமினியத் தகட்டில் மயில் வெட்டி, ஓரமெல்லாம் துளை போட்டுச் சலங்கை தொங்க விடுவார். கை டிரில்லில் போட்ட துளைகள் இவரைப் போலவே சொன்ன இடத்தில் நிற்காது. இந்த வருடம் மாசி மகத்துக்குச் சன்னாசிமலையில் காவடி எடுப்பதாக மகன் வேண்டிக்கொண்டிருந்தான். மகன் தோளில் கோணல் துளை ஏறக்கூடாது என்று மண்டோர் டிரில் பிரஸ் என்கிற நிற்கும் துளை மெஷின் ஒன்று வாங்க முடிவு செய்தார்.

ஜாசின் பஸ் நிலையத்துக்குப் பின்னால் சுரேகா புதிதாக ஒரு ஹார்ட்வேர் கடை போட்டிருந்தாள். தொழிற்சாலையில் மெஷின் பழுது பார்க்கும் வேலையை விட்டுவிட்டு வந்து திறந்த கடை. பெண்பிள்ளை ஆணி விற்பதா என்று ஊரில் ஒரு முணுமுணுப்பு இருந்தது. எங்கள் கோயில் அன்னதானக் கூடத்துக்கு விசிறி, விளக்கு, பைப் எல்லாம் அவளிடம் எடுப்பதாகத் தலைவர் தங்கராஜு வாக்குக் கொடுத்த பிறகுதான் அந்த முணுமுணுப்பு அடங்கியது. அவள் கடைக்குக் கிடைத்த முதல் பெரிய ஆர்டர் அது.

மண்டோர் போய் நின்றதும் அவள் முதலில் கேட்டது, “எதுல ஓட்ட போடப் போறீங்க அங்கிள்?”

“காவடிக்கு. தகடும் இருக்கு, இடுப்புப் பட்டையும் இருக்கு.”

“தகடு அலுமினியம், பட்டை ஸ்டெயின்லெஸ், இல்லையா? அலுமினியத்துக்கு வேகமா ஓடணும். ஸ்டெயின்லெஸ்ஸுக்கு மெதுவா ஓடலன்னா டிரில் பிட்டு கருகிப் போயிரும். இந்தச் சின்ன மெஷின்ல வேகத்த மாத்தணும்னா ஒவ்வொரு தடவையும் மூடியத் தொறந்து பெல்ட்ட மாத்திப் போடணும். பக்கத்துல இருக்கற இந்தப் பெரிசுல அந்த வேல இல்ல. ஓடும்போதே லீவரத் திருப்பினா போதும்.”

மண்டோர் லீவரைத் திருப்பிப் பார்த்தார். மெஷினின் சத்தம் இறங்கியது, ஏறியது. முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. வாங்கிவிட்டார்.

“ஒன்னு மட்டும் அங்கிள். மேல் மூடியத் தொறக்காதீங்க. உள்ள பெல்ட்டுலயும் சக்கரத்துலயும் எண்ணெ, தூசு எதுவும் படக்கூடாது.”

“எனக்குத் தெரியாததாம்மா?” என்றார் மண்டோர். மகள் வயதுப் பெண் பாடம் எடுத்தது அவருக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

மெஷின் வீட்டுக்கு வந்தது. அவர் மனைவி முனியாயி தாம்பாளத்தில் சந்தனம், குங்குமம், சூடம், எலுமிச்சம்பழம் எல்லாம் எடுத்து வைத்து, மெஷின் நெற்றியில் பொட்டு வைக்கப் போனார்.

“வெளிய வச்சா என்னா பிரயோஜனம்?” என்றார் மண்டோர். “சக்தி உள்ளதான இருக்கு.”

மூடியைத் திறந்தார். இரண்டு சக்கரத்திலும் குங்குமம் ஒட்ட வேண்டுமே என்று விளக்கிலிருந்து ஒரு விரல் நல்லெண்ணெய் தொட்டுத் தடவினார். அதன்மேல் சந்தனத்தைக் குழைத்து அப்பினார். பெல்ட்டுக்கும் மிச்சம் வைக்கவில்லை. குங்குமமும் வைத்து, சூடம் காட்டி மூடினார். தோட்டத்து டிராக்டருக்கு வருடா வருடம் இப்படித்தான் செய்தாராம். டிராக்டருக்கு வைத்தது முன்பக்கத்தில். அந்த வித்தியாசம் அவருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் துளை போட உட்கார்ந்தார். வெறுமனே ஓட விட்டபோது மெஷின் ஓடியது. பிட் தகட்டில் பட்டதும் கிறீச்சிட்டு நின்றது. லீவரை எப்படித் திருப்பினாலும் அதே கதை. மாசி மகம் நெருங்கிக்கொண்டிருந்தது. மண்டோருக்கு ரத்தம் தலைக்கேறியது. கைப்பேசியை எடுத்துக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார். அதை நானும் கேட்டேன்.

“அந்தச் சுரேகா புள்ள புது மெஷின்னு சொல்லி ஒரு கெட்டுப்போன ரோஸாக் மெஷின என் தலைல கட்டிருச்சு லா. பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் என்னா தெரியும்? தங்கராஜு, கோயில் சாமானும் இவகிட்ட எடுத்தா இதே கதிதான், பாத்துக்க.”

அதன் பிறகுதான் கடைக்குப் போன் செய்து, மெஷின் ஓடவில்லை, வந்து பார் என்றார். அந்தக் குழுவில் சுரேகா இல்லை. அந்தத் தைரியம் அவருக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுரேகா மோட்டார் சைக்கிளில் வந்தாள். சாட்சிக்கு இருக்கட்டும் என்று மண்டோர் தங்கராஜுவையும் வரச் சொல்லியிருந்தார். பக்கத்து வீட்டுக்காரன் என்பதால் நானும் வேலியோரம் நின்றேன். ஒரு பெண் திட்டு வாங்கப் போகிறாள் என்று தெரிந்தே நான்கைந்து பேர் காப்பியோடு நின்றிருந்தோம்.

அவள் யாரையும் பார்க்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஸ்டூலில் ஏறி மூடியைத் திறந்தாள். திறந்த மூடி எங்கள் பார்வையை மறைத்தது. அவளுக்குப் பக்கத்தில் நின்ற மண்டோருக்கு மட்டும் உள்ளே தெரிந்தது. சந்தனம் உருண்டு உருண்டு பெல்ட் முழுக்க அப்பியிருந்தது. எண்ணெயில் குங்குமம் வழிந்து ஓரமெல்லாம் சிவப்பு. அவள் கடையில் வைத்துச் சொன்னது ஒவ்வொரு சொல்லாக அவர் காதில் திரும்பி வந்தது. உடம்பு கூசிவிட்டது என்று பின்னாளில் என்னிடம் சொன்னார். அவள் இப்போது அதை உரக்கச் சொல்வாள், தங்கராஜு சிரிப்பான், மாலைக்குள் தாமானே சிரிக்கும் என்று காத்து நின்றார்.

சுரேகா அவரை ஒரு தடவை பார்த்தாள். பிறகு பையிலிருந்து சுத்தமான வெள்ளைத் துணியை எடுத்து, ஏதோ மருந்து தொட்டுத் துடைக்க ஆரம்பித்தாள். வெகுநேரம் துடைத்தாள்.

“என்னம்மா, மெஷின் ரோஸாக்கா?” என்று கேட்டார் தங்கராஜு.

“பெல்ட்டு நழுவுது அங்கிள். கொடுக்கறப்பவே நான் சரியா பாத்திருக்கணும்” என்றாள் சுரேகா.

துடைத்த துணியைத் தரையில் போடவில்லை. மடித்து முனியாயியின் கையில் கொடுத்தாள். “கால் படாத எடத்துல, செடிக்கு அடில போட்ருங்க ஆன்ட்டி.” முனியாயி துணியின் மடிப்பில் சிவப்பைப் பார்த்தார். பிறகு புருஷனைப் பார்த்தார். மூடியைச் சாத்திய சுரேகா, பக்கத்தில் இன்னும் எடுக்காமல் இருந்த தாம்பாளத்துச் சந்தனத்தைத் தொட்டு மெஷினின் வெளி நெற்றியில் சின்னதாக ஒரு பொட்டு வைத்தாள். ஒரு தகட்டில் துளை போட்டுக் காட்டினாள். பிட் வெண்ணெயில் இறங்குவதைப் போல இறங்கியது.

அவள் மோட்டார் திரும்பியதும் தங்கராஜு சொன்னார்: “நீங்க சொன்னது சரிதான் மண்டோரே. அந்தப் புள்ளயே ஒத்துக்கிச்சு. கோயில் சாமான வேற கடையில சொல்லிர்றேன்.”

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். குப்பை லோரிக்காரனுக்குத் திறக்கிற வாய், குருக்களுக்குத் திறக்கிற வாய். மண்டோர் காப்பிக் குவளையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முனியாயி அன்றைக்குச் சோறு போடும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். “அந்தப் புள்ள நம்ம மானத்தக் காப்பாத்திட்டுப் போயிருச்சுங்க.”

காவடி அழகாக வந்தது. துளைகள் ஒரே கோட்டில் நின்றன, சலங்கை ஒரே மட்டத்தில் தொங்கியது. சன்னாசிமலையில் மகன் ஆடும்போது கைப்பேசியில் படம் பிடிக்காத ஆள் இல்லை. “என்னா மெஷின் மண்டோரே, இவ்வளவு சுத்தமா இருக்கு?” என்று பலரும் கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் அவர் தலையை மட்டும் ஆட்டினார். மகன் காவடி எடுத்த நாளில் தலை நிமிர்ந்து நடக்க முடியாத அப்பாவை நான் அங்கேதான் பார்த்தேன். எனக்குப் பாவமாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது.

மறுநாள் காலை கோயில் குழுவில் அவர் குரல் மறுபடி வந்தது. இந்த முறை சத்தமே இல்லை.

“மெஷின்ல ஒரு கோளாறும் இல்ல. எண்ணெ படக்கூடாதுன்னு அந்தப் புள்ள சொல்லியும் கேக்காம, நான்தான் மூடியத் தொறந்து எண்ணெயும் சந்தனமும் அப்பினேன். எல்லார் முன்னாலயும் அந்தப் புள்ள என்னக் காட்டிக் குடுக்கல. நானும் வாயத் தொறக்கல. தப்பு என்னோடது.”

சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. கடைசியில் தங்கராஜு எழுதியிருந்தார்: “வேற கடையிலேருந்து சாமானெல்லாம் நேத்தே வந்து எறங்கிருச்சு மண்டோரே.”

தனியாகப் போகக் கூச்சப்பட்டு என்னையும் கூட்டிக்கொண்டு மண்டோர் கடைக்குப் போனார். சுரேகா ஒருவருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்தாள். அந்த ஆள் போகும்வரை ஓரமாக நின்றார். பிறகு தரையைப் பார்த்துப் பேசினார்.

“அம்மா, ஒன்னப் பத்திக் கோயில் குரூப்ல நான் தப்பாப் பேசிட்டேன். ஒனக்குத் தெரிஞ்சிருக்காது. ஒன் ஆர்டர் போனதே அதனாலதான்.”

“தெரியும் அங்கிள்” என்றாள் சுரேகா. “எங்கம்மா அந்தக் குரூப்லதான் இருக்காங்க. ஒங்க வீட்டுக்கு வர்றதுக்கு முந்தின நாளே போட்டுக் காட்டினாங்க.”

மண்டோர் நிமிர்ந்தார். “அதக் கேட்டுட்டா வந்த?”

“ஆமா அங்கிள்.”

அவள் தராசைத் துடைத்து வைத்துவிட்டுக் கேட்டாள்: “மெஷின் இப்ப ஒழுங்கா ஓடுதா?”

ஓடுகிறது என்று சொல்ல மண்டோர் வாயைத் திறந்தார். தோட்டமே கேட்ட அந்தக் குரல் வரவில்லை.